இருபத்திரண்டு நிமிடம் இருந்த படம்

தோழியின் போன் வந்தபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் தோளில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் பிசியோதெரபி கிளினிக் இருக்கும் தெருவில் பள்ளி விடும் நேரம் அது. வேன்களும் ஆட்டோக்களும் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, எடுத்துட்டாங்க," என்றாள். "இருபத்திரண்டு நிமிஷந்தான் இருந்துச்சு."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தலைமையாசிரியர், ஒரே இடத்தில் சுடுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கருவியை நகர்த்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பதினெட்டு வருட வேலையில் எனக்கு அப்படி நடந்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவரோ என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

எடுத்துவிட்டார்கள் என்று அவள் சொன்னது என்னுடைய புகைப்படத்தை. ஆடையில்லாமல் நான் நிற்கும் படம். அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடலாம் என்று நான் சம்மதிக்க எட்டு மாதம் ஆனது.

தோழி எனக்கு நோயாளியாகத்தான் முதலில் வந்தாள். கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவள். கனமான கேமராவை நாள் முழுக்கத் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவள். அவளுடைய அம்மா கொழுந்து பறித்துத்தான் அவளைப் படிக்கவைத்திருக்கிறார். பத்து நாள் சிகிச்சை முடிவதற்குள் நாங்கள் சேர்ந்து காபி குடிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

கல்யாண வேலை இல்லாத நாட்களில் அவள் வேறு படங்கள் எடுத்தாள். உழைத்த உடம்புகள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவரின் முதுகு, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மாவின் முழங்கால்கள், அவளுடைய சொந்த அம்மாவின் விரல்கள். சிலர் முழுதாகவே ஆடை களைந்து நின்றிருந்தார்கள். அந்தப் படங்களை அவளுடைய மடிக்கணினியில் பார்த்தபோது எனக்குக் கூச்சம் வரவில்லை. என் சிகிச்சை மேசையில் தினமும் படுப்பவர்களை அப்படி யாரும் பார்த்ததில்லையே என்றுதான் தோன்றியது. வருகிற பெண்களில் பாதிப் பேர் துணியை விலக்கும்போதே, குண்டாக இருக்கிறேன், தழும்பு அசிங்கமாக இருக்கும் என்று ஏதாவது சொல்லிவிடுவார்கள். வலிக்கிற இடத்தைக் காட்டுவதற்கு முன்னால் அந்த இடத்துக்காக வருத்தம் தெரிவிக்கிறவர்கள்.

நானும் அப்படித்தான் என்பது அவள் கேட்டபோதுதான் தெரிந்தது. "உங்களை எடுக்கட்டுங்களாக்கா?" என்றாள். உடனே சிரித்து மழுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தேன். என் கணவர் சவரம் செய்யும் உயரத்துக்கு மாட்டியது. அதில் எனக்குக் கழுத்துவரைதான் தெரியும். அந்த வீட்டுக்குக் குடிவந்து பதினோரு வருடம். கீழே இறக்கி மாட்ட வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

சம்மதித்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.

வால்பாறையில் அவளுக்குத் தெரிந்தவர்களின் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்று காலியாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது எனக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. அது வளைவினால் மட்டுமில்லை. மேலே மழை. ஜன்னல் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். முதல் ஒரு மணி நேரம் துண்டைச் சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். எதைப் பேசினேன் என்று நினைவில்லை. எப்போது துண்டை நாற்காலியில் போட்டேன் என்பதும் நினைவில்லை. படத்தில் இருப்பது இதுதான்: ஜன்னல் விளிம்பில் ஒரு கை, மழை வெளிச்சம், பாலூட்டித் தளர்ந்த மார்பு, மகள் பிறந்தபோது கிழித்த வயிற்றுத் தழும்பு, நாள் முழுக்க நின்று நரம்பு புடைத்த கால்கள், வெளியே எதையோ பார்க்கும் என் முகம்.

படத்தை என் கணவரிடம் காட்டினேன். சின்னதாகப் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, வெளிச்சத்தைச் சொன்னேன் என்றார். சிரித்துவிட்டோம்.

முகம் தெரியாமல் வெட்டித்தான் போடுவதாகப் பேச்சு. கடைசி நாளில் நான்தான் முகத்தோடு போடு என்றேன். வெட்டிப் பார்த்தபோது அது யாரோ ஒரு பெண்ணின் உடம்பாகிவிட்டது. என்னுடையதாக இல்லை. தோழி மூன்று தடவை கேட்டாள். பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். படத்துக்குக் கீழே அவள் எழுதியது இவ்வளவுதான்: "இவருக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு நாளைக்குப் பதினாறு பேருடைய வலியைத் தொடுகிறார். இது அவருடைய உடம்பு."

முகத்தோடு போடப்போகிறேன் என்பதை மட்டும் என் கணவரிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு அவரிடம் சொன்னேன். மறக்கவில்லை.

படத்தை எடுத்துவிட்டதாகப் போன் வந்த அன்று சாயங்காலம் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே போனைத் திறந்து பார்த்தேன். படம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம். பாலியல் உள்ளடக்கம் என்பதால் நீக்கப்பட்டதாக யாரோ இயந்திரத்தை வைத்து மொழிபெயர்த்த தமிழில் ஒரு வரி. அந்த வார்த்தையைப் படித்ததும், அது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே காது சூடானது. அந்த ஜன்னலோரத்தில் நின்றபோது எனக்கு நானே என்னவாகத் தெரிந்தேனோ, அது எதுவும் அந்த வார்த்தையில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டார்கள் என்று கேட்ட முதல் நொடியில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நல்லவேளை, யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று. அந்த நிம்மதிமேல் வந்த கோபம்தான் என்னை ஒரு இடத்தில் உட்காரவிடாமல் செய்தது.

தோழி முறையீடு செய்தாள். இது கலைப்படம், அவருடைய சம்மதம் இருக்கிறது என்று எழுதினாள். ஒரு மணி நேரத்தில் நிராகரித்து பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவை அவளுடைய கணக்கையே முடக்கிவிட்டார்கள். அவளுக்கு வரும் கல்யாண ஆர்டர்கள் எல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்து வருபவை. ஏழு வருட வேலை அதில் இருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்குக் கல்யாண வீட்டார் போட்டோ எடுக்க ஆட்கள் தேடிக்கொண்டிருந்த நேரம். என்னால் உனக்கு இப்படி ஆகிவிட்டதே என்றேன். உங்களால் இல்லைக்கா, சரியாகிவிடும் என்றாள். குரலில் அப்படித் தெரியவில்லை.

நான்காம் நாள் அந்தப் படம் திரும்பி வந்தது. ஆனால் வேறு வழியில்.

இருபத்திரண்டு நிமிடத்துக்குள் யாரோ அதைத் திரையிலிருந்து பிடித்து வைத்திருக்கிறார்கள். கீழே இருந்த மூன்று வரிகளை வெட்டிவிட்டு, மார்பின்மேல் இரண்டு ரோஜாப்பூ, இடுப்பில் ஒன்று என்று ஸ்டிக்கர் ஒட்டி, மேலே ஒரு கேவலமான கேள்வியை எழுதி அதே தளத்தில் வேறொரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். என் முகத்தை மட்டும் மறைக்கவில்லை. தழும்பும் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள்.

நான் உடனே புகார் கொடுத்தேன். கிளினிக்கின் பின்பக்கம், துவைத்த துண்டுகள் காயும் இடத்தில் நின்றுகொண்டு. அரை மணி நேரத்துக்கொரு தரம் வெளியே வந்து பார்த்தேன். உள்ளே போய்க் கை கழுவி, ஒரு முழங்காலை மடக்கி நீட்டி, மறுபடி கை கழுவி, மறுபடி வெளியே. மாலையில் பதில் வந்தது. அந்தப் பதிவு எங்கள் விதிகள் எதையும் மீறவில்லை என்று. பூ ஒட்டியிருக்கிறதே, எப்படி மீறும்? என் உடம்பு தப்பு, அதைக் கேலி செய்தது தப்பில்லை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தடாகம் ரோடுவரை நடந்தேன். அங்கிருந்து திரும்பி மறுபடி நடந்தேன். செருப்பு கடித்தது.

அடுத்த நாள் சோமனூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். என் கூடப் பிறந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் விவசாயக் காட்டில் பாதியை விற்று அந்த இடத்திலேயே விசைத்தறி ஷெட் போட்டு நடத்துகிறவர். போனில் பின்னால் தறிச்சத்தம் கேட்டது. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

"ஏனம்மிணி, அது நீதானா?" என்றார்.

"ஆமாங்கண்ணா."

தோழியை எங்கள் வீட்டில் அவர் பார்த்திருக்கிறார்.

"அந்த வால்பாறைப் புள்ள உன்ன ஏமாத்தி எடுத்துப்போட்டாளா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஒரே சொல். ஆனால் நான் பேசாமல் இருந்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். சரி உடு கண்ணு, நான் பாத்துக்கறேன் என்று அவர் சொன்னபோது அந்தக் கண்ணுவில் நான் ஒளிந்துகொண்டேன். ஏமாந்த பெண்ணாக இருப்பது அன்றைக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல," என்றார். சென்னையில் படிக்கும் மகள் போன் செய்தாள். அந்தப் படம் அவளுக்கும் வந்திருக்கிறது. சாப்பிட்டாயா அம்மா என்று மட்டும் கேட்டுவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தாள்.

அண்ணன் என்ன செய்தார் என்பது ஒரு வாரம் கழித்து என் கணவர் மூலமாகத்தான் தெரிந்தது. தோழியின் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார். ஒரு கல்யாணப் பெண்ணின் குடும்பம் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னாலேயே, எங்கள் வீட்டுப் பெண்ணை ஏமாற்றிப் படம் எடுத்தவள், போலீசுக்குப் போவேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்தக் குடும்பம் எழுந்து போய்விட்டது. அவள் பதிலே பேசவில்லையாம். தப்பு செய்தவள்தானே, என்ன பேசுவாள் என்று அண்ணன் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அவள் லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்றாள், எப்போதும் போல. நான் கையெழுத்துப் போட்ட தாளை அண்ணனிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"டிராயர்லதாங்க இருந்துச்சு. எடுக்கலாம்னு கைகூட வெச்சேன். அவரு உங்க அண்ணன். நீங்க என்ன சொல்லியிருக்கீங்களோ, அது தெரியாம நான் எப்படிங்க காட்டுறது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுதான் நான் செய்தது என்றேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரே லென்ஸை. பிறகு, சோறு போட்டது அந்தக் கணக்குத்தான்க்கா என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் படத்தைப் பெரிதாக ஒரு பிரதி போட்டுத் தரச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சோமனூருக்குப் போனேன். கூட வரட்டுமா என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கார் சாவியை எடுத்துக் கொடுத்து, பெட்ரோல் போட்டிருக்கிறது என்றார்.

அண்ணன் ஷெட்டுக்குள் இருந்தார். பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாது. காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்த வேண்டும். வீட்டுக்குப் போகலாம் என்று கை காட்டினார். நான் அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் போனால் தண்ணீர், காபி, விசாரிப்பு என்று போய் என் தைரியம் கரைந்துவிடும்.

"அவ ஏமாத்தலீங்கண்ணா. நாந்தான் எடுக்கச் சொன்னேன். முகத்தோட போடச் சொன்னதும் நாந்தான்."

அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்திச் சொன்னேன். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் முகம் கறுத்துப்போனது. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

கூடத்தில் அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் காகிதத்தைப் பிரித்து, படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பூ ஒட்டாத படம். அண்ணன் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழுவில் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். இதைப் பார்க்க முடியவில்லை.

"அதைப் பாத்தீங்கல்லங்கண்ணா. இதையும் ஒருக்காப் பாருங்க," என்றேன். "இதுதான் நான் எடுத்துக்கிட்டது. அது இல்ல."

"மொதல்ல துணியப் போட்டு மூடு," என்றார், திரும்பாமலே.

நான் மூடவில்லை. அவர் தோழியிடம் போய்ப் பேசியது தப்பு, ஸ்டுடியோவுக்கு வந்தவர்களுக்கு முன்னால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். என் வீட்டில் நின்றுகொண்டு எனக்கே சொல்கிறாயா என்றார். ஆமாம் என்றேன். போய்விடு என்றார். எங்கள் அப்பா இறந்தபிறகு என்னிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணி இவ்வளவு நேரமும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கீரைத்தண்டு அப்படியே இருந்தது. நான் படத்தைச் சுற்ற ஆரம்பித்தபோது, அண்ணனுக்குக் கேட்காதபடி கேட்டார்:

"மழ பேயுது போல. குளுருலியா அம்மிணி?"

"குளுருச்சுங்கண்ணி. அப்பறம் பழகிப்போச்சு."

தலையாட்டிக்கொண்டார். காரில் ஏறி அவிநாசி ரோடு வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. வந்தபோது ஓரமாக நிறுத்த இடமில்லாமல் அழுதுகொண்டே ஓட்டினேன்.

அண்ணன் தோழியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. போலீசுக்கும் போகவில்லை. எழுந்துபோன அந்தக் கல்யாணக் குடும்பத்தை நானே தேடிப் போய், நடந்ததைச் சொன்னேன். பெண்ணின் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் அடுத்த வாரம் தோழிக்குப் போன் செய்து, மீதிப் படங்களைத் தேர்ந்தெடுக்க வருவதாகச் சொன்னாளாம்.

முடக்கி ஏழு வாரம் கழித்து ஒரு மத்தியானம், எந்தக் காரணமும் சொல்லாமல் தோழியின் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்தன. உழைத்த உடம்புகளில் முதுகும் விரல்களும் இருந்தன. ஆடை களைந்து நின்றவர்கள் ஒருவர்கூட இல்லை. ஆவணி போயே போய்விட்டது. மார்பைக் கலங்கலாக்கி என் படத்தைத் திரும்பப் போடலாமா என்று அவள் கேட்டாள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். நான் ஒரு நாள் யோசித்தேன். கலங்கலாக்கினால் அதுவும் பூ ஒட்டின மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த வரிசைப் படங்களை அச்சுப் போட்டு ஸ்டுடியோவின் உள்ளறையில் மாட்டியிருக்கிறாள். கேட்டு வருபவர்களுக்குக் காட்டுகிறாள். கேட்டு வருபவர்கள் குறைவு.

பூ ஒட்டிய படம் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது தேடிப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியேதான் பார்க்கிறேன். சிரிப்புப் பொம்மைகள் கூடியிருக்கின்றன. புகார் கொடுக்கிறேன், அதே பதில் வருகிறது. கிளினிக்குக்குப் புதிதாக ஒருவர் வந்து என்னை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தால், இவர் பார்த்திருப்பாரோ என்று கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு வேலையைத் தொடர்கிறேன்.

தை மாதம் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. அண்ணன் பத்திரிகையை என் கணவரின் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் போனேன். மண்டபத்தில் பெண்கள் பேச்சை நிறுத்தி, பிறகு வேறு பேச்சைத் தொடங்கினார்கள். அண்ணி என் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அண்ணன் என் பக்கமே வரவில்லை. கிளம்பும்போது வாசலில் எதிர்ப்பட்டுவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், பந்தி போடுகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "சாப்புட்டுப் போ அம்மிணி," என்றார். சாப்பிட்டேன். எதிர் வரிசையில் இருந்த பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினேன்.

இதைத் தோழியிடம் சொன்னேன். அவளுக்கு அவசரம், கேமரா பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் ஒரு அம்மாவை எடுக்கப் போகிறாளாம். எஸ்டேட்டில் ஓய்வுபெற்றவர், அறுபது தாண்டியவர், ஒத்துக்கொண்டாலும் பயந்துகொண்டிருக்கிறார். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைப் பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும், அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கவும் ஆள் வேண்டும் என்றாள். அன்றைக்கு இரண்டு நோயாளிகளுக்கு நேரம் கொடுத்திருந்தேன். அவர்களைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.